புலியந்தாங்கல் பக்கத்தில் ஏழாவது வரி

அதை நம்பாதீர்கள் சார்.

உங்கள் போனை எட்டிப் பார்த்தேன் என்று நினைக்க வேண்டாம். எழுத்து பெரிதாக இருந்தது, கண்ணில் பட்டுவிட்டது. மலைக்கோயில் நடை எப்போது சாத்துவார்கள் என்றுதானே பார்க்கிறீர்கள்? பன்னிரண்டரை என்று போட்டிருக்கிறது. இருக்கலாம். பன்னிரண்டாகவும் இருக்கலாம். யார் எழுதினார்கள் என்று கீழே தேடிப் பாருங்கள். பெயர் இருக்காது. இருந்தாலும் அது மனிதப் பெயராக இருக்காது.

முன்பெல்லாம் கலைக்களஞ்சியம் என்றால் நூலகத்தில் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். பத்துத் தொகுதி. எழுதினவர் பெயர், படிப்பு, வகித்த பதவி எல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கும். தப்பு இருந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியும். இப்போது போனிலேயே கலைக்களஞ்சியம். பூட்டும் இல்லை, பீரோவும் இல்லை. சலூனில் காத்திருக்கிறவன் ஒரு வரி எழுதுவான். ரயிலில் போகிறவன் அதைத் திருத்துவான். அதை வைத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறார்கள். ஆபீசில் குறிப்பு எழுதுகிறார்கள். இப்போது கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நீங்கள் அந்தக் கூட்டத்து ஆள் இல்லையே? எழுதுகிற ஆள்? சரி, சரி. கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. போனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். பதிவு எதுவும் ஆகவில்லையே?

என் பெயர் தெய்வசிகாமணி. கருங்காலிப்பேட்டையில் முப்பத்தெட்டு வருஷம் ஒரு தினசரிக்கு நிருபர். எந்தத் தினசரி என்பது வேண்டாம். இந்தாருங்கள் அழைப்பிதழ். "புலியந்தாங்கல் ஏரி உடைப்பு, நாற்பதாம் ஆண்டு நினைவுக்கல் திறப்பு. திறந்து வைப்பவர், மூத்த பத்திரிகையாளர் தெய்வசிகாமணி." பதினொன்றரை மணிக்கு. இந்தப் பஸ் பதினொன்றுக்குப் போய்விடும். நான் அங்கே இறங்க வேண்டியவன்.

கல்லில் என்ன இருக்கிறது தெரியுமா? அன்றைக்குத் தண்ணீரில் போன ஒன்பது பேர் பெயர். அது சரி, வைக்க வேண்டியதுதான். அதற்குக் கீழே நாலு வரி வரலாறு. கடைசி வரி இது: "மதகைத் திறக்க வேண்டிய லஸ்கர் ஏகாம்பரம் குடிபோதையில் இருந்ததால் இவ்விபத்து நேர்ந்தது."

லஸ்கர் என்றால் பொதுப்பணி இலாகா ஊழியர் சார். ஏரி மதகைத் திறந்து மூடுகிற வேலை. அந்த ஏகாம்பரம் இன்னும் இருக்கிறார். எண்பத்து நாலு வயசு. தினமும் காலையில் கழியை ஊன்றிக்கொண்டு ஏரிக்கரை வரை நடந்து போய்வருகிறார். கல்லை அவர் போகிற வழியில்தான் நட்டிருக்கிறார்கள். இப்போது துணி போட்டு மூடியிருக்கிறது. நான் இழுத்தால் விழும்.

இந்த வரி எங்கிருந்து வந்தது என்று பஞ்சாயத்துத் தலைவருக்குப் போன் போட்டேன். பூவராகன் என்று பெயர். நல்ல மாதிரிதான், ஆனால் பேச்சை நம்ப முடியாது.

"தலைவரே, இதை யாரு சொன்னா உங்களுக்கு?"

"நெட்லயே இருக்கு சார். நம்ம ஊர் பேர்ல ஒரு பக்கமே இருக்கு. ஏழாவது வரி. கீழ மூணு பேப்பர் பேரு போட்டிருக்கான். அதுல ஒண்ணு உங்க பேப்பரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கு என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

என் பேப்பர்தான். நான் எழுதினதுதான். ஒளிக்கவில்லை. இலாகா என்ஜினீயர் சொன்னார், நான் எழுதினேன். அதிகாரி சொன்னதை நிருபர் எழுதுவது குற்றமா? நாற்பது வருஷம் கழித்து அதைத் தோண்டி எடுத்து உலகம் பூராவும் தெரிகிற மாதிரி மாட்டி வைக்கிறானே, அவனை யாரும் கேட்பதில்லை. தினசரி என்பது என்ன சார்? காலையில் செய்தி, சாயங்காலம் போண்டா மடிக்கிற காகிதம். அந்த நம்பிக்கையில்தானே எழுதினோம்! யாரோ நூலகத்தில் உட்கார்ந்து பழைய பேப்பரை எல்லாம் படம் பிடித்து ஏற்றுவார்கள் என்று எவன் கண்டான்?

போன செவ்வாய்க்கிழமை ஏகாம்பரத்தின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். தமயந்தி என்று பெயர். ஐம்பது வயசு இருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் ஒரு பை நிறையக் காகிதம்.

"சார், எங்கப்பா குடிக்கவே மாட்டாரு. பீடி கூடக் கிடையாது."

"சரிம்மா."

"மதகு ஷட்டர் துருப்பிடிச்சிருக்கு, கம்பியை மாத்துங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்திருக்காரு. பாருங்க, ஆபீஸ் சீலு. அன்னிக்குக் காலையில கடப்பாரையைப் போட்டுத் திருகும்போது கம்பி முறிஞ்சு தண்ணிக்குள்ள போயிட்டாரு. மறுநாள் ரெண்டு மைல் தள்ளி, பனைமரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தவரைத் தூக்கிட்டு வந்தாங்க. இடுப்பு எலும்பு போச்சு."

பார்த்தேன். சீல் உண்மையான சீல்தான். விசாரணை முடிந்து அவர்மேல் தப்பில்லை என்று எட்டு மாதம் கழித்து வேலை திருப்பிக் கொடுத்த உத்தரவும் இருந்தது. அதை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். அப்போதே அந்த உத்தரவின் நகல் என் மேஜைக்கு வந்தது. ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். எட்டு மாதம் கழித்து ஒருவர் குடிக்கவில்லை என்பது செய்தியா சார்? குடித்தார் என்றால் செய்தி. தொழில் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

பிறகு அந்தப் பெண் ஒன்று கேட்டாள். "சார், நீங்க அன்னிக்கு எங்க ஊருக்கு வந்தீங்களா?"

"வராமலா எழுதுவேன்?"

"எந்த வழியா வந்தீங்க? முதல் நாளே பாலம் அடிச்சிட்டுப் போயிடுச்சே. நாலு நாளு ரேஷன் அரிசியே பரிசல்லதான் வந்துச்சு."

எதற்கு இந்தக் கேள்வி? யார் சொல்லிக் கொடுத்துக் கேட்கிறாள்? அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் மலைக்கோயிலுக்குப் போய்விடப் போகிறீர்கள். நான் போகவில்லை. பாலம் இல்லாமல் எப்படிப் போவது? கருங்காலிப்பேட்டையில் நாங்கள் மூன்று பேர். நான், சமது பாய், ஜெயவேலு. மூன்று பேப்பருக்கு மூன்று நிருபர். ஆனால் மூன்று பேரும் எல்லா இடத்துக்கும் ஓடுவதில்லை. வாரம் ஒருவர் முறை. முறைக்காரர் செய்தியைக் கொண்டுவருவார், இடையில் கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுவார், மற்ற இரண்டு பேருக்கும் ஒரு பிரதி. சிறிய ஊர்களில் எல்லா நிருபர்களும் அப்படித்தான். அதில் போட்டி இல்லை, பொறாமை இல்லை. ஒரு தாளில் மூன்று குடும்பம் பிழைத்தது.

ஆனால் ஒரு சிக்கல். தலைமை அலுவலகத்தில் மற்ற பேப்பர்களையும் வாங்கிப் பக்கத்தில் பரப்பி வைத்துப் பார்ப்பார்கள். வரிக்கு வரி ஒன்றாக இருந்தால் மெமோ வரும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. பிரதியை வாங்குகிறவர் அவரவர் பங்குக்கு ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும். ஊர்வலத்தில் முந்நூறு பேர் என்று இருந்தால் சமது பாய் முந்நூற்று ஐம்பது போடுவார். ஜெயவேலு திரளானோர் என்று போடுவான்.

அந்த வாரம் என் முறை. நான் இலாகா ஆபீசில் என்ஜினீயர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நல்ல மழை. டீ வந்தது. அவர் சொன்னது இதுதான்: "லஸ்கர் ஆளையே காணோம் சார். மதகு திறக்கல, ஏரி பிச்சுக்கிச்சு."

ஆமாம், குடித்தார் என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவில்லை.

நான் "குடிபோதையில் இருந்ததால்" என்று எழுதினேன். சமது பாய்க்குப் பிரதி போனது. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர். அவர் "கள் அருந்திவிட்டு" என்று மாற்றினார். ஜெயவேலுவுக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம். "பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் சாராயம் அருந்திவிட்டுத் தூங்கிய" என்று போட்டுவிட்டான். யாருடைய கல்யாணம் என்று மறுநாள் கேட்டேன். "ஐப்பசி மாசம் அண்ணே, எங்கயாவது ஒண்ணு நடக்காமலா இருக்கும்?" என்றான். சிரித்தோம். மூன்று பேப்பரும் வெளிவந்தது. யாருக்கும் மெமோ வரவில்லை.

ஜெயவேலு போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. சமது பாய் மகன் வீட்டில் இருக்கிறார். என்னைப் பார்த்தால் யாரென்று கேட்கிறார். இதெல்லாம் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான்.

இப்போது அந்தக் கலைக்களஞ்சியத்தில் எப்படி எழுதியிருக்கிறான் பாருங்கள். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. "லஸ்கர் என்ன அருந்தியிருந்தார் என்பதில் பத்திரிகைகள் மாறுபடுகின்றன, போதையில் இருந்தார் என்பதில் மாறுபாடு இல்லை." எப்படி? படித்ததும் எனக்கே ஒரு நிமிஷம், ஆள் குடித்திருப்பாரோ என்று தோன்றிவிட்டது.

அந்தப் பெண் போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிறார்களே, நாமே திருத்திவிடுவோம் என்று உட்கார்ந்தேன். மத்தியானம் மூன்று மணி. ஏழாவது வரியை எடுத்தேன். அழித்தேன். சேமித்தேன். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று காபி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் வரி திரும்ப உட்கார்ந்திருக்கிறது! ஏழே நிமிஷம். எனக்கு ஒரு கடிதமும் வந்திருந்தது. "ஆதாரமுள்ள தகவலைக் காரணமின்றி நீக்கியுள்ளீர்கள். இது தொடர்ந்தால் நாசவேலையாகக் கருதப்படும்."

நாசவேலை! முப்பத்தெட்டு வருஷம் சார். தண்டவாளத்தைப் பெயர்த்தவனைப் பற்றி அந்த வார்த்தையை நான் எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி இன்னொருவன் எழுதுகிறான்.

எழுதின ஆளின் பெயர் என்ன தெரியுமா? வரப்பு நண்டு. அதுதான் பெயர். ஒரு நண்டு என்னைக் கேள்வி கேட்கிறது.

அந்தப் பக்கத்துக்குப் பின்னால் பேசுவதற்கு ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே போய், "இந்தத் தகவல் தவறு" என்று எழுதினேன். நண்டுதான் பதில் போட்டது.

"வணக்கம் ஐயா. தவறு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அது போதாது ஐயா. எங்காவது அச்சில் வந்திருக்கிறதா?"

"மூன்று பேப்பரும் ஒரே ஆள் எழுதியது."

"மூன்றும் விவரங்களில் வேறுபடுகின்றனவே ஐயா. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால் அப்படி இருக்காதே?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? வாய்வரை வந்தது. கை போனில் இருந்தது. எழுதவில்லை. எழுதினால் அங்கேயே நிற்கும் சார். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எதை எழுதினார், எதை அழித்தார் என்று அத்தனையும் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அழித்ததைக் கூட அழிக்க முடியாது. இது என்ன, கலைக்களஞ்சியமா, போலீஸ் ஸ்டேஷனா? எங்கள் ஆபீசில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் ஒருவனும் நிம்மதியாக ஒரு செய்தி எழுதியிருக்க மாட்டான்.

நண்டு விடவில்லை. மறுநாள் தானாகவே எழுதியிருந்தது. "ஐயா, நீங்கள் அன்றைய செய்தியாளர்களில் ஒருவராக இருந்தால், உங்கள் பெயரில் ஒரு மறுப்பு எந்தப் பத்திரிகையிலாவது வந்தால் போதும். நானே அந்த வரியை மாற்றி, காரணத்தையும் எழுதிவிடுகிறேன். ஒரு மனிதரின் பெயர் சம்பந்தப்பட்டது. தாமதிக்க வேண்டாம். தங்கள் பெயர்?"

பார்த்தீர்களா? எப்படித் தூண்டில் போடுகிறது? செய்தியாளர் என்று அதற்கு யார் சொன்னது? உடனே போனை அணைத்துவிட்டேன்.

பிறகு விசாரித்தேன். முதலில் அந்த என்ஜினீயரின் மகனாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அவன் துபாயில் இருக்கிறான். சமது பாயின் பேரனோ என்று பார்த்தேன். அவனும் இல்லை. நண்டின் சொந்தப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது, அரசுப் பள்ளி ஆசிரியையாம். ஏரிகளைப் பற்றி எழுதுவதில் ஆர்வமாம். இதுவரை நூற்று நாற்பது ஏரிகளைப் பற்றி எழுதியிருக்கிறாளாம், சம்பளம் கிடையாதாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது? சம்பளம் இல்லாமல் ஒரு ஆள் நூற்று நாற்பது ஏரியைப் பற்றி எழுதுவாளா? பின்னால் யாரோ இருக்கிறார்கள். யார் என்று மட்டும் தெரியவில்லை.

தமயந்தி என்னிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். டைப் அடித்து, நாலு வரி. "நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய செய்தியில் லஸ்கர் ஏகாம்பரம் குடித்திருந்தார் என்று குறிப்பிட்டது தவறு. நான் நேரில் சென்று விசாரிக்கவில்லை. யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. வருந்துகிறேன்." கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"சார், இதுல கையெழுத்து போட்டு எடுத்துட்டு வாங்க. தலைவர்கிட்ட பேசிட்டேன். எழுத்துல ஆதாரம் குடுத்தா, துணியை எடுக்கறதுக்கு முன்னாடி அந்த வரியைச் சிமெண்ட் வச்சுப் பூசிடறேன்னு சொல்லியிருக்காரு. கொத்தனாரை அங்கயே நிக்க வைக்கிறாராம்."

"யோசிச்சுச் சொல்றேன்மா."

"நாப்பது வருஷம் ஆச்சு. இன்னும் என்ன சார் யோசனை?"

யாரும் சொல்லவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது பாருங்கள். அந்த என்ஜினீயரைச் சாவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருக்கிறாள். "நான் ஆளைக் காணோம்னுதான்மா சொன்னேன். குடிச்சிருப்பாரோன்னு அந்த ரிப்போர்ட்டர்தான் கேட்டாரு. நான் பதில் சொல்லாம இருந்துட்டேன்" என்று சொன்னாராம். சாகப் போகிறவர் பேச்சுக்குச் சாட்சி உண்டா? சரி, அவரிடம் அப்படிக் கேட்டேன். கேட்டிருக்கலாம். கேள்வி கேட்பதுதானே நிருபரின் வேலை?

ஆனாலும் நான் கல்நெஞ்சன் இல்லை சார். இரண்டு நாள் தூக்கமில்லை. அந்தக் கிழவர் கழியை ஊன்றிக்கொண்டு வந்து கல்லுக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படிப்பார் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அதனால் கடிதத்தை எடுத்துத் திருத்தினேன். அவள் எழுதினது சரியாக இல்லை, பத்திரிகை நடை தெரியாதவள். "நான், நான்" என்று ஒரே நானாக இருந்தது. சுத்தமாக மறுபடி எழுதினேன். இதோ, பையில்தான் இருக்கிறது. வாசிக்கிறேன், கேளுங்கள்.

"புலியந்தாங்கல் ஏரி உடைப்பு குறித்து அக்காலத்தில் வெளியான செய்திகளில், லஸ்கர் தொடர்பான சில விவரங்கள் முழுமையாகச் சரிபார்க்கப்படாமல் இடம்பெற்றிருக்கக்கூடும் என அறியப்படுகிறது."

எப்படி? ஒரே வரி. யார் மனசும் நோகாது. பொய் ஒன்று கூட இல்லை. பெயரா? பெயர் எதற்கு சார்? விஷயத்தைப் பாருங்கள். பெயர் போட்டால் நாளைக்கு அந்த நண்டு அதையும் எடுத்து ஏற்றும். "தெய்வசிகாமணி, பொய்ச் செய்தி எழுதியவர்" என்று எனக்கே ஒரு பக்கம் திறப்பார்கள். பத்திரிகையாளர் சங்கத்தில் நான் மூன்று தடவை தலைவராக இருந்தவன். என் பேத்தி பத்திரிகைத் தொழிலுக்குப் படிக்கிறாள். அவள் ஆசிரியர் வகுப்பில் அதைப் போட்டுக் காட்டுவார்.

இல்லை, பேனா வேண்டாம். என்னிடமே இருக்கிறது.

வந்துவிட்டது. ஸ்பீக்கர் சத்தம் கேட்கிறதா? புலியந்தாங்கல். கண்டக்டர் கூப்பிடுகிறான். அங்கே பாருங்கள், ஸ்டாப்பிலேயே நிற்கிறாள். அதுதான் தமயந்தி. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். நான் கடைசியாகப் பார்த்தபோது இவ்வளவு ஒடுங்கியிருக்கவில்லை. நீங்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள் சார், என்னைப் பார்க்கிறார்.

பார்த்துவிட்டாள். ஜன்னலுக்கே வருகிறாள்.

"இறங்குங்க சார், எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. கொத்தனார் சிமெண்ட் கலந்து வச்சிட்டாரு."

"உடம்பு சரியில்லைம்மா. தலைசுத்துது. டாக்டரைப் பார்க்கப் போயிட்டிருக்கேன். தலைவரையே திறந்து வைக்கச் சொல்லு. இந்தா, நீ கேட்ட லெட்டர்."

"கையெழுத்து போட்டுட்டீங்களா சார்?"

"எல்லாம் அதுல இருக்கு. ரைட் போகலாம் கண்டக்டர்! எனக்கு மலைக்கோயில் வரைக்கும் ஒரு டிக்கெட்."

அப்பாடா. கிளம்பிவிட்டான்.

திரும்பிப் பாருங்கள் சார், எனக்குக் கழுத்து திரும்பாது. என்ன செய்கிறாள்? படிக்கிறாளா? படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்க்கிறாளா? பின்பக்கம் ஒன்றும் இல்லையே, எதற்குத் திருப்புகிறாள்? மறுபடியும் திருப்புகிறாளா? அவரிடம் காட்டுகிறாளா?

பார்த்தீர்களா? இவ்வளவு செய்தேன், ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை.